மேல் இடது முன்பல்

குணவதியிடம் எத்தனை பிள்ளைகளை வளர்த்தாய் என்று கேட்டால், "ஐயா எழுதி வச்சிருப்பாரு, அவரக் கேளுங்க" என்று என்னைக் காட்டுவாள். எழுதி வைத்திருக்கிறேன். தோட்டத்து ஆயாக் கொட்டகையில் இருபத்திரண்டு ஆண்டுகளில் நூற்று நாற்பத்தொரு பிள்ளைகள். தோட்டம் கைமாறி, நாங்கள் கூலிம் பக்கத்துத் தாமான் குடியிருப்பின் மலிவு விலை வீடுகளுக்கு வந்த பிறகு, வீட்டில் வைத்துப் பார்த்தவை பத்தொன்பது. பத்தொன்பதாவது பிள்ளைக்குப் பிறகு யாரும் அவளிடம் பிள்ளை விடவில்லை. அது ஏன் என்று இந்தத் தாமானில் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். தேதிகள் என்னிடம் இருப்பதால் நடந்ததை நான் எழுதுகிறேன்.

பாடாங் மேஹா பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்தில் நான் முப்பத்தொரு ஆண்டுகள் கிராணி வேலை பார்த்தேன். யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை, எவ்வளவு மழை பெய்தது என்பதெல்லாம் என் புத்தகத்தில் இருக்கும். குணவதி 1984இல், தன் இருபதாவது வயதில், ஆயாக் கொட்டகைக்கு வந்தாள். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்பே, இருட்டு விலகுவதற்குள், ரப்பர்ப் பால்மரம் வெட்டப் போகும் பெண்கள் தூங்கும் பிள்ளைகளைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். வரிசையாகத் தொங்கும் சாக்குத் தொட்டில்களில் பதினைந்து பதினாறு பிள்ளைகள் கிடக்கும். ஒன்று அழுதால் எது என்று திரும்பிப் பார்க்காமலேயே சொல்வாள்.

அவள் வேலையில் ஒரே ஒரு பெரிய தவறு செய்தாள். 1987 நவம்பர் 9, திங்கட்கிழமை. தோட்டத் தொழிலாளி முருகையாவின் மகனுக்கு எட்டு மாதம். பிள்ளைக்கு உடம்பு சுட்டது. ஈறு வீங்கி எச்சில் ஒழுகியது. தாய் தயங்கி நின்றபோது, "பல்லு காய்ச்சல்தான், நீ வெளிக்காட்டு வேலைக்குப் போ" என்று அனுப்பியவள் குணவதி. அன்று எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். என் மனைவியும் அதைத்தான் சொல்லியிருப்பாள். புதன்கிழமை மாலை பிள்ளை இறந்தது. நெஞ்சில் சளி கட்டியிருந்தது என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சொன்னார். முருகையா குணவதியை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பல் முளைக்கும்போது பிள்ளைகள் போவது உண்டுதானே என்று மற்றவர்கள் அவனைத் தேற்றினார்கள்.

குணவதி மட்டும் அதை ஏற்கவில்லை. டிரெஸ்ஸரிடம் போய், பல்லுக்கும் காய்ச்சலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டாள். அவர் சிரித்தார். மறுநாளும் போனாள். கடைசியில் அவர் ஒரு பழைய தெர்மோமீட்டரைக் கொடுத்து, பாதரசம் எந்தக் கோட்டைத் தாண்டினால் தன்னிடம் தூக்கி வரவேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். அதன்பின் எத்தனை பேர் எத்தனை முறை சொன்னாலும் அவள் எந்தக் காய்ச்சலையும் பல்லின் தலையில் கட்டியதில்லை.

"பல்லு முளைச்சா எச்சி வழியும், கண்டதக் கடிக்கும், தூங்காது, நம்ம உசுர எடுக்கும். உடம்பு கொஞ்சம் கதகதன்னு இருக்கும், அவ்ளோதான். முப்பத்தெட்டத் தாண்டினா அது பல்லு இல்ல. வயித்தால போனாலும் பல்லு இல்ல" என்பாள். பிள்ளை விட வரும் ஒவ்வொரு தாய்க்கும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவாள்.

அவளுடைய வைத்தியம் மிகச் சாதாரணமானது. வெந்நீரில் அலசிய மல் துணியை முடிச்சாகக் கட்டி, ஈரத்தோடு குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைப்பாள். ஈறு தினவெடுத்தால் அதைக் கடிக்கக் கொடுப்பாள். கையைச் சோப்பு போட்டுக் கழுவி விரலால் ஈறை அழுத்தித் தேய்ப்பாள். எச்சில் பட்டு முகவாயும் கழுத்தும் சிவக்காமல் இருக்க, தேய்க்காமல் ஒற்றித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவுவாள். கடையில் விற்கும் மரத்துப்போகும் களிம்பைத் தொடவிடமாட்டாள். ஈறில் தேன் தடவலாமா என்று கேட்டவர்களை, ஒரு வயது முடியும் வரை தேன் பாட்டிலை வீட்டுக்குள்ளேயே வைக்காதே என்று திட்டி அனுப்பியிருக்கிறாள்.

தாமானில் எங்கள் வீடுகள் ஒட்டிய வீடுகள். அவள் கணவர் பிச்சை 2011இல் இறந்தார். ஒரே மகன் ஜொகூரில் இருக்கிறான். தீபாவளிக்குப் போன் செய்வான். அவள் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டுப் போட்டு, மாலை ஐந்து மணிக்குக் கம்பிக் கதவருகே அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். எத்தனை அவுன்ஸ் பால், எத்தனை மணி நேரம் தூக்கம், எத்தனை முறை வெளிக்குப் போனது, உடம்புச் சூடு, புதிய பல். தாய் வந்ததும் அந்த நோட்டைப் படித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவாள். நோட்டுக்காகவே அவளைத் தேடி வந்தவர்கள் உண்டு.

உமாராணி 2022 டிசம்பர் 12இல் வந்தாள். கூலிம் தொழிற்பேட்டையில் காலை ஏழு முதல் இரவு ஏழு வரை சிப்ட். மகள் திவ்யாஷினிக்கு மூன்று மாதம். கணவன் ஜெயகுமார் லோரி ஓட்டுபவன், வாரத்தில் நான்கு நாள் வீட்டில் இருக்கமாட்டான். உமாராணிக்குப் பெற்றோர் இல்லை. அண்ணன் விக்னேஸ்வரன்தான் பதினேழு வயதில் பள்ளியை விட்டு வேலைக்குப் போய் அவளை வளர்த்தவன். அவனும் வேறொரு தொழிற்சாலையில் இருந்தான், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. தினமும் ஆறு மணிக்கு வேலை முடிந்து மோட்டாரில் நேராகக் குணவதி வீட்டுக்கு வருவான். வாசலில் உட்கார்ந்து மருமகளை மடியில் வைத்துக்கொண்டு, தங்கை கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் வரை போகமாட்டான்.

"என்னங்க ஆன்ட்டி, எம் பாஸ் இன்னிக்குச் சாப்பிட்டாங்களா?" என்பான். பிள்ளையை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"ஒம் பாஸு இன்னிக்கு ரெண்டு தடவ எம்மேல ஒண்ணுக்குப் போயிட்டாங்க, சம்பளத்துல புடிச்சிக்க" என்பாள் குணவதி.

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. குணவதி கம்பிக் கதவைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள். பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டும்போது கரண்டி எதிலோ தட்டியதாம். முதல் பல் வரும்போதெல்லாம் அந்தச் சத்தத்தை என்னையும் கேட்கவைப்பது அவள் பழக்கம். கரண்டியை வைத்து மெல்லத் தட்டினாள். டிக் என்றது. பிறகு அவள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். முகம் மாறியது.

"மேல வருது ஐயா" என்றாள்.

மேல் ஈறில், இடது பக்க முன்பல். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கீழ் நடுப்பற்கள் முதலில் வரும். சிலருக்கு மேல்பல் முந்தும். நூற்று நாற்பத்தொரு பிள்ளைகளில் ஒன்பது பேருக்கு அப்படி வந்ததாக என் பதிவில் இருக்கிறது. ஆனால் தோட்டத்திலிருந்து வந்த எங்கள் சனங்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. மேல்பல் முந்தினால் தாய்மாமனுக்கு ஆகாது. கீழ்ப்பல் வரும் வரை மாமன் பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் கூடாது. வந்தபின் ஒரு நல்ல நாளில் எண்ணெய்க் கிண்ணத்தில் முதலில் பிள்ளையின் முகம் பார்த்துவிட்டு, பிறகுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும்.

குணவதி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இத நோட்டுல எழுத வேணாம் ஐயா. கீழயும் வெள்ளையாத் தெரியுது, பத்து நாள்ல வந்துரும். அது வந்தவொடனே அத மொதப் பல்லுன்னு எழுதிருங்க."

நோட்டு தாய் படிப்பதற்கு, அதில் நடக்காததை எழுதமுடியாது என்றேன்.

"தாய் படிச்சா அண்ணன்கிட்ட சொல்லுவா. அவன் நம்பமாட்டான்தான். ஆனா அந்த நாத்தனாக்காரி விடுவாளா? அந்தப் பையனுக்கு இந்தப் பிள்ளைய விட்டா வேற என்னா இருக்கு?"

நாத்தனார் என்று அவள் சொன்னது ஜெயகுமாரின் அக்கா யோகேஸ்வரியை. அதே தாமானில் இரண்டு வரிசை தள்ளி இருப்பவள். நாள் பார்ப்பது, திருஷ்டி கழிப்பது எல்லாம் அவள் சொல்படிதான் அந்த வீட்டில் நடக்கும்.

நான் அன்று நோட்டில் பல்லைப் பற்றி எழுதவில்லை. என் சொந்த நாட்குறிப்பில் எழுதினேன்: "14.3.23. காலை 10.20. திவ்யாஷினி. மேல் இடது முன்பல். முதல்." எங்காவது ஓரிடத்தில் சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பத்து நாள் என்றது இருபத்து மூன்று நாளானது. அத்தனை நாளும் விக்னேஸ்வரன் வரும் நேரத்தில் பிள்ளையின் வாயில் துணி முடிச்சு இருக்கும். உமாராணி ஒருமுறை, பல் வருகிறதா ஆன்ட்டி என்று கேட்டாள். ஈறு வீங்கியிருக்கிறது என்று குணவதி சொன்னாள். அதுவும் பொய் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வருபவளுக்கு மேலுதட்டைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. ஏப்ரல் 6ஆம் தேதி கீழ்ப்பல் வெளியே தெரிந்தது. நோட்டில் நான் எழுதினேன்: "முதல் பல். கீழ் நடு." என் வாழ்நாளில் தெரிந்தே பொய்யாக எழுதிய வரி அது ஒன்றுதான். உமாராணி அதைப் படித்துவிட்டுச் சந்தோஷத்தில் குணவதியைக் கட்டிக்கொண்டாள். மறுநாள் விக்னேஸ்வரன் எல்லாருக்கும் கேக் வாங்கி வந்தான்.

ஏப்ரல் 19, புதன்கிழமை, காலை ஆறு ஐம்பது. வேலைக்குப் போகும் வழியில், விளக்கில்லாமல் ஓரத்தில் நிறுத்தியிருந்த லோரியில் விக்னேஸ்வரனின் மோட்டார் மோதியது. மழை பெய்துகொண்டிருந்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

குணவதி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நீ அந்தப் பல்லை நம்புகிறாயா என்று நான் கேட்டேன். இல்லை என்றாள்.

24ஆம் தேதி மாலை ஆறேகாலுக்கு யோகேஸ்வரியும் உமாராணியும் வந்தார்கள். யோகேஸ்வரியின் கையில் விக்னேஸ்வரனின் போன் இருந்தது. ஆஸ்பத்திரியில் அவனுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தபோது அதில் படங்களைப் பார்த்திருக்கிறாள். ஏப்ரல் 2ஆம் தேதி அவன் எடுத்த படம் ஒன்று. துணி முடிச்சைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளை சிரிக்கிறது. படத்தைப் பெரிதாக்கினால் மேல் ஈறில் அரிசி முனை போல ஒரு வெள்ளை. கீழே ஒன்றும் இல்லை.

குணவதி நோட்டைக் காட்டினாள். யோகேஸ்வரி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னிடம் திரும்பினாள்.

"இது ஒங்க கையெழுத்து. நீங்க பொய் எழுதமாட்டீங்கன்னு எங்க அப்பா சொல்லிக் கேட்டிருக்கேன். மேல்பல்லா, கீழ்ப்பல்லா? நீங்க சொல்லுங்க ஐயா, நான் போயிடுறேன்."

குணவதி என்னைப் பார்த்தாள். கீழ்ப்பல் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், படத்தில் தெரிந்தது எச்சில் பளபளப்பு என்று போயிருக்கும். உமாராணி அதைத்தான் கேட்க விரும்பினாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது. நான் உள்ளே போய் என் நாட்குறிப்பை எடுத்து வந்தேன். மார்ச் 14ஆம் தேதியை வாய்விட்டுப் படித்தேன்.

யோகேஸ்வரி பிள்ளையின் பொருள்களை எடுக்கத் தொடங்கினாள். பால் குடிக்கும் சுசு போத்தல்கள், தொட்டில் துணி, உடுப்புகள், குளிர்பெட்டியில் இருந்த துணி முடிச்சுகள்கூட. நோட்டையும், உமாராணி வாங்கிக் கொடுத்திருந்த தெர்மோமீட்டரையும் மேசைமேல் விட்டுவிட்டுப் போனார்கள். பிள்ளை குணவதியின் சட்டையைப் பிடித்திருந்தது. உமாராணிதான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

குணவதியிடம் அப்போது வேறு இரண்டு பிள்ளைகளும் இருந்தன. ஒரு வாரத்துக்குள் இரண்டு தாய்மாரும் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி காரணம் சொன்னாள், ஒருத்தி சொல்லவில்லை.

குணவதி ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நானும் போனேன். விக்னேஸ்வரன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், அல்லது இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் போர்வைக்குள் கால் இல்லாத இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு மட்டும் சொல்லியிருக்கலாம்லா ஆன்ட்டி. ஒரு மாசம் பாக்காம இருந்திருப்பேன்" என்றான்.

லோரியில் விளக்கு இல்லாததைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை.

பிள்ளையை யோகேஸ்வரியே பார்த்துக்கொண்டாள். ஜூலை 10, திங்கட்கிழமை. காலைச் சந்தையில் காய்கறி விற்கும் லக்ஷ்மி குணவதியிடம் சொன்னாள்: பிள்ளைக்கு முந்தின நாளிலிருந்து உடம்பு சுடுகிறதாம், நிறையப் பல் ஒன்றாக வருகிறதாம், யோகேஸ்வரி ஈறில் தடவத் தேன் வாங்கிப் போனாளாம். குணவதி வாங்கிய கீரையை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். தெர்மோமீட்டரை எடுத்துக்கொண்டு இரண்டு வரிசை தள்ளி நடந்தாள். மணி பதினொன்று.

யோகேஸ்வரி கேட்டைத் திறக்கவில்லை. கம்பி வழியாகத் தெர்மோமீட்டரையாவது வாங்கிக்கொள் என்று இவள் நீட்டியிருக்கிறாள்.

"பல்லப் பத்தி நீங்க பேசாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

குணவதி கேட்டருகே நின்று உள்ளே கேட்ட அழுகையைக் கவனித்திருக்கிறாள். திரும்பி வந்து என்னிடம் சொன்னாள். "அது பல்லு அழுக இல்ல ஐயா. பல்லுன்னா வாயில கைய வச்சிக்கிட்டுக் கோவமா அழும், தூக்கினா நிறுத்தும். இது தூக்கினா அழுவுது, கீழ போட்டா மொனகுது. தூக்கினா வலிக்குது அதுக்கு. உமாகிட்ட சொல்லுங்க."

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு உமாராணிக்குப் போன் செய்தேன். வேலை நேரத்தில் அவர்கள் போனைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும். பன்னிரண்டு ஐந்துக்கும், ஒன்றரைக்கும் மறுபடி செய்தேன். குணவதி சொன்னபடியே செய்தியும் அனுப்பினேன். இரவு ஏழு இருபதுக்கு அவள் அதைப் படித்த அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. பின்னர் தெரிந்தது: வீட்டுக்குப் போய் நாத்தனாரிடம் கேட்டிருக்கிறாள். யோகேஸ்வரி ஈறு வீங்கியிருப்பதைக் காட்டியிருக்கிறாள். காய்ச்சல் மருந்து கொடுத்ததும் சூடு குறைந்திருந்தது. பல்தான் என்று உமாராணி நம்பினாள். செவ்வாய்க்கிழமையும் வேலைக்குப் போனாள். குணவதி அன்றும் போய்க் கேட்டருகே நின்றாள். அன்று உள்ளிருந்து அழுகை கேட்கவில்லை. உமாராணிக்கு நான் அனுப்பிய இரண்டாவது செய்தியை அவள் படித்ததாகவே அடையாளம் வரவில்லை.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குப் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. மூளையைச் சுற்றிய சவ்வில் கிருமி என்றார்கள். பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து உயிர் பிழைத்தது. இரண்டு காதும் போய்விட்டன.

யோகேஸ்வரியை யாரும் குறை சொல்லவில்லை. மேல்பல் மாமனோடு நிற்கவில்லை, பிள்ளையையும் பிடித்துவிட்டது என்றுதான் தாமானில் பேசிக்கொண்டார்கள். இரண்டு பேர் அதை என் வாசலில் நின்று குணவதி காதில் விழும்படி பேசினார்கள். அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முழுவதையும் காயப்போட்டுவிட்டுத்தான் உள்ளே போனாள். இப்போது ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் தட்டுக் கழுவுகிறாள். அந்த வழியில் பச்சைப் பிள்ளையோடு யாராவது வந்தால் எதிர்ப்பக்கம் கடந்து போகிறாள்.

2024 செப்டம்பர் 21, சனிக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு உமாராணி என் வாசலுக்கு வந்தாள். இடுப்பில் பிள்ளை. காதுக்குள் கருவி வைப்பது பற்றிப் பார்க்கிறார்களாம். நோய்க்கு முன் பிள்ளைக்குக் கேட்டதா, எந்த மாதத்தில் எந்தச் சத்தத்துக்குத் திரும்பியது என்று டாக்டர் கேட்கிறாராம். அவளுக்குத் தெரியவில்லை. பகலில் அவள் வீட்டில் இருந்ததில்லை.

குணவதி அடுத்த கதவுக்குள் நின்றிருந்தாள். உள்ளே போய்ப் பழைய நோட்டை எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள். அதில் எல்லாம் இருந்தது. ஜனவரி 9, வெந்நீர்க் கெண்டியின் விசிலுக்குத் திரும்பினாள். பிப்ரவரி 20, மோட்டார் சத்தம் கேட்டதும் வாசலைப் பார்த்தாள். ஏப்ரல் 11, பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்குச் சிரித்தாள். உமாராணி நின்றபடியே படித்தாள். குணவதி கம்பிக்குப் பின்னாலிருந்து, முன்பு கூப்பிடுவதுபோல நாக்கைத் தட்டினாள். பிள்ளை தெருவில் போன பூனையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இதுல எழுதினதெல்லாம் சரிதானே அங்கிள்? டாக்டர்கிட்ட குடுக்கணும்" என்றாள் உமாராணி.

ஒரு வரி மட்டும் தவறு என்றேன். எது என்று அவள் கேட்கவில்லை. நான் பேனாவை எடுத்து, ஏப்ரல் 6ஆம் தேதியில் "முதல் பல்" என்பதை அடித்து, "இரண்டாம் பல்" என்று எழுதி, பக்கத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். அவள் நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். போகும்போது குணவதியின் கதவைக் கடக்கையில் நடை கொஞ்சம் தளர்ந்தது. நிற்கவில்லை.

அவள் திருப்பத்தைத் தாண்டும் வரை குணவதி பார்த்திருந்தாள்.

"பல்லு எல்லாம் வந்துருச்சு. பதினாறு இருக்கு" என்றாள். பிறகு, "திருத்திக் குடுத்தீங்களா ஐயா?" என்று கேட்டாள்.

திருத்திவிட்டேன் என்றேன்.

"அன்னிக்கு யோகேஸ்வரி கேட்டப்ப அத அப்படியே விட்டிருக்கலாம் நீங்க" என்றாள். சத்தம் உயராமல்தான் சொன்னாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஐந்து மணிக்கு அவள் கம்பிக் கதவருகே வருவதில்லை.